ஊசி போட்டும் திரும்பி வரும் உண்ணிக் காய்ச்சல்: நாயின் இரத்தத்தில் என்ன நடக்கிறது?

நாய் இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை. உடம்பு கொதிக்கிறது, பல்முரசு வெளிறிப்போயிருக்கிறது. மிருக வைத்தியரிடம் கொண்டுபோனால் உண்ணிக் காய்ச்சல் என்று சொல்லி ஊசி போடுகிறார். மூன்றாம் நாள் எழும்பிச் சோறு தின்கிறது. ஆறு கிழமை கழித்து மறுபடியும் அதே படுக்கை.

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் நாய் வளர்க்கிற வீடுகளில் இது பழகிப்போன கதை. அதற்கு மூன்று விளக்கங்கள் சொல்லப்படும்: மருந்து சரியில்லை, வைத்தியர் சரியில்லை, அல்லது இந்த நோய்க்கு மருந்தே கிடையாது. மூன்றும் பெரும்பாலும் தவறு. உண்ணிக் காய்ச்சல் என்ற ஒரே பெயருக்குள் வெவ்வேறு உயிரிகள் உண்டாக்கும் வெவ்வேறு நோய்கள் அடங்கியிருக்கின்றன. ஒன்றைக் கொல்லும் மருந்து மற்றதைத் தொடாது. எந்த உயிரி என்று பார்க்காமல் போடும் ஊசி சில வேளை சரியாகப் பொருந்திவிடும். சில வேளை காய்ச்சலை மட்டும் தணித்துவிட்டு, கிருமியை உள்ளேயே விட்டுவிடும்.

முதலில் ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். மனிதருக்கு வரும் டைபஸ் காய்ச்சலையும் நம்மவர்கள் உண்ணிக் காய்ச்சல் என்றுதான் சொல்கிறார்கள். பத்திரிகையில் அப்படி ஒரு செய்தி வந்தவுடன் வீட்டு நாயைச் சந்தேகத்தோடு பார்ப்பவர்கள் உண்டு. அந்தக் காய்ச்சலின் ஒரு வகை, புற்களிலும் பற்றைகளிலும் வாழும் கண்ணுக்குத் தெரியாத அளவுச் சிற்றுண்ணிகளின் குஞ்சுகள் கடிப்பதால் வருவது. இந்தக் கட்டுரையில் பேசப்படும் நாய் நோய்கள் வேறு. அவை நாயைத் தொடுவதாலோ, அதன் எச்சில் படுவதாலோ மனிதருக்கு வருவதில்லை. ஆனால் நாயில் இருக்கும் உண்ணி மனிதரையும் கடிக்கும், வேறு சில கிருமிகளையும் காவக்கூடியது. அதனால் வெறும் விரலால் உண்ணியை நசுக்குவது கூடாது.

உள்ளே இருப்பது யார்?

எங்கள் பக்கத்து நாய்களில் முக்கியமாகத் தேட வேண்டியவை இவை:

1. பபேசியா. செங்குழியத்துக்குள் புகுந்து, அங்கேயே பெருகி, அதை உடைத்துக்கொண்டு வெளியேறும் ஒருகல ஒட்டுண்ணி. செங்குழியங்கள் உடைவதால் குருதிச்சோகை வருகிறது, முரசு வெளிறுகிறது, மண்ணீரல் வீங்குகிறது. கடுமையானால் சிறுநீர் பிளேன்டீ நிறத்தில் போகும். இதில் பெரிய பபேசியா, சின்னப் பபேசியா என்று இரு பிரிவு உண்டு. பெரிய பிரிவில் எங்கள் பக்கம் உள்ளது வோகெலி, சின்னதில் கிப்சோனி. வோகெலி வளர்ந்த நாய்களில் பெரும்பாலும் லேசாகவே போகும், குட்டிகளில் கடுமையாகும். இலங்கையில் பரவலாக உள்ளதும், வைத்தியர்களை அதிகம் திண்டாட வைப்பதும் கிப்சோனிதான்.

2. எர்லிக்கியா. இது ஒட்டுண்ணி அல்ல, வெண்குழியத்துக்குள் வாழும் பற்றீரியா. குருதியை உறைய வைக்கும் சிறுதட்டுகளைக் குறைத்துவிடும். மூக்கால் இரத்தம் வடிவதும் வயிற்றுத் தோலில் சிவப்புப் புள்ளிகள் தெரிவதும் இதனால்தான்.

3. அனாப்ளாஸ்மா. இதுவும் பற்றீரியாதான். சிறுதட்டுகளுக்கு உள்ளேயே வாழ்கிறது. தனியாக வந்தால் பெரும்பாலும் லேசு.

4. ஹெப்பட்டோசூன். ஒருகல ஒட்டுண்ணி. உண்ணி கடித்து இது வருவதில்லை. தன் உடம்பை நக்கும்போதும் கடித்துச் சொறியும்போதும் நாய் உண்ணியை விழுங்கிவிடுகிறதே, அப்போதுதான் உள்ளே போகிறது.

ஒரே உண்ணி இவற்றில் இரண்டைக் காவலாம். ஒரே நாயில் இரண்டு மூன்று உண்ணி வகைகள் இருக்கலாம். அதனால் பபேசியாவும் எர்லிக்கியாவும் ஒன்றாக இருக்கும் நாய் அபூர்வமானது அல்ல. ஒன்றுக்கு மருந்து கொடுத்து மற்றதை விட்டுவிட்டால், பாதி தேறிய நாய் மீண்டும் விழும்.

மலேரியாவின் உறவுக்காரன்

பபேசியாவைப் புரிந்துகொள்ள எங்கள் மாவட்டங்களின் மூத்தவர்களுக்கு நீண்ட விளக்கம் தேவையில்லை. மலேரியாக் காலத்தை அவர்கள் கண்டிருக்கிறார்கள். குளிர் நடுக்கம், விட்டு விட்டு வரும் காய்ச்சல், வெளிறிய கண், வீங்கிய மண்ணீரல். மலேரியாக் கிருமியும் பபேசியாவும் ஒரே பெருங்குடும்பத்தைச் சேர்ந்தவை, இரண்டும் செங்குழியத்துக்குள் வாழ்பவை. நுளம்புக்குப் பதிலாக உண்ணி, மனிதனுக்குப் பதிலாக நாய்.

இந்த ஒப்புமையை நான் அழகுக்காகச் சொல்லவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2016 செப்டெம்பரில் இலங்கையை மலேரியா இல்லாத நாடாக அறிவித்தது. அந்த வெற்றியில் ஒரு பெரும் பங்கு மிக எளிய ஒரு வேலைக்கு உண்டு. காய்ச்சல்காரரின் விரலில் குத்தி, ஒரு துளி இரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் பூசி, நுணுக்குக்காட்டியில் பார்த்து, எந்த வகை மலேரியா என்று தெரிந்துகொண்டு மருந்து கொடுத்தார்கள். வைவாக்ஸ் வகை ஈரலில் ஒளிந்திருந்து பிறகு திரும்பி வரும் என்பதால் அதற்குத் தனியாக இன்னொரு மருந்து. வகை தெரியாவிட்டால் அந்த மருந்தின் தேவையும் தெரியாது. நாய்க்கும் கேட்க வேண்டியது அந்த ஒரு துளி இரத்தத்தைத்தான்.

பபேசியா என்ற பெயர் ருமேனிய விஞ்ஞானி விக்டர் பாபெஷ் என்பவரிடமிருந்து வந்தது. 1888இல் மாடுகளின் இரத்தத்தில் அவர் இதைக் கண்டார். 1893இல் அமெரிக்காவில் ஸ்மித், கில்போர்ன் இருவரும் மாட்டு நோய் ஒன்றை உண்ணிதான் பரப்புகிறது என்று நிறுவினார்கள். மலேரியாவில் நுளம்பின் பங்கு தெரிய வருவதற்கு முந்திய கதை இது. கிப்சோனி எங்களுக்கு இன்னும் கிட்டிய இடத்தில் கண்டுபிடிக்கப்பட்டது. 1910இல் பேட்டன் என்பவர் சென்னையில் வேட்டை நாய்களின் இரத்தத்தில் முதலில் கண்டார், பிறகு நரியின் இரத்தத்திலும் கண்டார். நரி ஊளையிடும் ஊர்களில் இருப்பவர்கள் இந்தக் கடைசி வரியைக் கவனிக்கலாம்.

எழுவான்கரை உண்ணி, படுவான்கரை உண்ணி

மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே, எழுவான்கரையின் கடற்கரைப் பக்கம், நெருக்கமான வீடுகளும் சீமெந்து மதில்களும் உள்ள இடங்களில் அதிகம் காண்பது கபில நிற நாயுண்ணி. இது வீட்டோடு வாழும் பூச்சி. முட்டையிலிருந்து வந்த குஞ்சு நாயில் ஏறி இரத்தம் குடித்துவிட்டு இறங்கிவிடும். சுவர் வெடிப்பிலும் கதவு நிலையிலும் ஒளிந்திருந்து தோல் கழற்றும். மறுபடி ஏறும், இறங்கும். பெரிதான பின் மூன்றாம் முறை ஏறும். இரத்தம் குடித்து ஊதிய பெண் உண்ணி கீழே விழுந்து ஆயிரக்கணக்கில் முட்டையிடும். ஆக, நாயின் காதுக்குள் நாம் காணும் பத்து உண்ணி, வீட்டில் இருக்கும் கூட்டத்தில் ஒரு சிறு பகுதிதான். மீதி சுவரில் இருக்கிறது. உணவில்லாமல் மாதக்கணக்கில் காத்திருக்கவும் அதற்குத் தெரியும். வோகெலி, எர்லிக்கியா, ஹெப்பட்டோசூன் மூன்றையும் பரப்புவது இதுதான்.

வாவிக்கு மேற்கே படுவான்கரையில் கதை கொஞ்சம் வேறு. வவுணதீவு, கொக்கட்டிச்சோலை, வெல்லாவெளிப் பக்கங்களிலும், அம்பாறையின் வயற்புறங்களிலும் நாய் வீட்டில் கட்டிக்கிடப்பதில்லை. வயலுக்குப் போகும், காவல் வாடியில் படுக்கும், மாட்டுப் பட்டியோடு மேய்ச்சல் தரைக்கு நடக்கும். அங்கே புல்லிலும் பற்றையிலும் காத்திருப்பது மாட்டையும் ஆட்டையும் கடிக்கும் வேறு இன உண்ணிகள். அவற்றில் ஹீமாஃபைசாலிஸ் என்ற இனத்து உண்ணிகள்தான் கிப்சோனியைப் பரப்புவதில் முக்கியமானவை என்று கருதப்படுகிறது.

கிப்சோனிக்கு இன்னொரு வழியும் உண்டு. நாய்ச் சண்டை. கடிபடும்போது ஒன்றின் இரத்தம் மற்றதில் கலந்தால் உண்ணியே இல்லாமல் நோய் தாவும். தாயிடமிருந்து வயிற்றிலிருக்கும் குட்டிக்கும் போகும், இரத்தம் ஏற்றும்போதும் போகும். "எங்கட நாயில ஒரு உண்ணியும் இல்லையே" என்று சொல்பவர்களின் நாய்க்கும் இந்த நோய் வருவது இதனால்தான்.

கண்டுபிடிக்கும் வழிகள்

அறிகுறியை மட்டும் வைத்து இந்த நான்கையும் பிரிக்க முடியாது. காய்ச்சல், சோர்வு, சாப்பாடு வெறுத்தல், மெலிவு எல்லாவற்றுக்கும் பொது. எலிக்காய்ச்சலும் இதே தோற்றத்தில் வரும். வயல் நாய்க்கு அதுவும் நடக்கக்கூடியதுதான். ஆகவே பரிசோதனை வேண்டும். எளியதிலிருந்து சொல்கிறேன்.

1. குருதிப் பூச்சு. காது நுனியில் சிறு குத்து, ஒரு துளி, கண்ணாடித் துண்டில் மெல்லிய பூச்சு, சாயம், நுணுக்குக்காட்டி. செலவு குறைவு. ஒட்டுண்ணி கொண்ட செங்குழியங்கள் நுண்குழாய்களில் தங்குவதால் கால் நரம்பு இரத்தத்தைவிடக் காது நுனி இரத்தத்தில் பிடிபடும் வாய்ப்புக் கூட, பெரிய பபேசியாவுக்கு விசேஷமாக. பெரியது இரட்டை இரட்டையாகப் பேரிக்காய் வடிவில் தெரியும். சின்னது மோதிரம் போல, புள்ளி போல. பழகிய கண் வேண்டும். ஹெப்பட்டோசூன் வெண்குழியத்துக்குள் நீள்வட்டமாகத் தெரியும். எர்லிக்கியா பூச்சில் அகப்படுவது மிக அரிது. இங்கே மறக்கக் கூடாதது ஒன்று: பூச்சில் கண்டால் இருக்கிறது என்று பொருள், காணாவிட்டால் இல்லை என்று பொருள் அல்ல. நாட்பட்ட நோயில் ஒட்டுண்ணி மிகக் குறைவாகத்தான் சுற்றும்.

2. முழுக் குருதி எண்ணிக்கை. குருதியில் செங்குழியங்கள் பிடிக்கும் பங்கு ஆரோக்கியமான நாயில் 37 முதல் 55 வீதம். அது 15 அளவுக்கு இறங்கினால் இரத்தம் ஏற்றுவதைப் பற்றி யோசிக்க வேண்டிய கட்டம். சிறுதட்டுகள் சாதாரணமாக ஒரு மைக்ரோலீற்றரில் 2 இலட்சத்துக்கு மேல் இருக்க வேண்டும். இந்தச் சோதனை கிருமியின் பெயரைச் சொல்லாது. ஆனால் நாய் எவ்வளவு ஆபத்தில் இருக்கிறது என்பதைச் சொல்லும். முதல் நாளே செய்துவிட்டால் பிறகு ஒப்பிட ஓர் அளவு கையில் இருக்கும்.

3. உடனடிக் கருவிச் சோதனை. சில துளி இரத்தம் விட்டால் சில நிமிடத்தில் புள்ளியோ கோடோ காட்டும் பெட்டி. பல நாய் உரிமையாளர்கள் ஏமாறுவது இங்கேதான். பரவலாகப் பயன்படும் கருவிகளில் ஒன்று எர்லிக்கியா, அனாப்ளாஸ்மா, லைம் நோய், இதயப்புழு ஆகியவற்றையே பார்க்கும். பபேசியா அதில் கிடையாது. அதில் ஒன்றும் தெரியாத நாய்க்குப் பபேசியா இருக்க முடியும். இன்னொன்று, எர்லிக்கியாவுக்கு இது தேடுவது கிருமியை அல்ல, கிருமிக்கு எதிராக உடல் உண்டாக்கிய பிறபொருளெதிரியை. நோய் தொடங்கிய முதல் நாட்களில் அது உருவாகியிருக்காது, அதனால் பொய்யாக இல்லை என்று வரும். குணமான பிறகும் மாதக்கணக்கில், ஏன் வருடக்கணக்கில்கூட அது நிற்கும், அதனால் இன்னும் இருக்கிறது போலக் காட்டும். குணமாகிவிட்டதா என்று பார்க்க இந்தக் கருவியை மறுபடி மறுபடி போடுவது வீண் செலவு.

4. பி.சி.ஆர். கொரோனாக் காலத்தில் எல்லோரும் அறிந்த சொல். கிருமியின் மரபணுவையே தேடுவது. கிப்சோனியா வோகெலியா என்று உறுதியாகப் பிரிப்பதும், சிகிச்சைக்குப் பிறகு உண்மையில் போய்விட்டதா என்று சொல்வதும் இதுதான். எல்லா ஊரிலும் கிடைக்காது, மாதிரியை வெளியே அனுப்ப வேண்டிவரும், செலவும் உண்டு. அதனால் முதல் நாள் எல்லோருக்கும் இது தேவை என்று சொல்லமாட்டேன். ஒருமுறை சிகிச்சை தோற்ற நாய்க்குக் கட்டாயம் தேவை.

அரச மிருக வைத்திய அலுவலகங்களின் பெரும் வேலை மாடு, ஆடு, கோழி என்றே ஓடுகிறது. நாய்க்கென்று நேரமும் வசதியும் குறைவு என்பது உண்மை. ஆனால் குருதிப் பூச்சுக்குப் பெரிய ஆய்வுகூடம் தேவையில்லை. ஊசிக்கு முன் "ஒருக்கா இரத்தத்தைப் பார்க்கலாமா டொக்டர்?" என்று கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வரிசை முக்கியம், முதலில் இரத்தம் எடுக்க வேண்டும், பிறகுதான் மருந்து. மருந்து போட்ட பிறகு எடுத்த பூச்சில் ஒட்டுண்ணி மறைந்துவிடலாம்.

எந்த மருந்து எதற்கு

எர்லிக்கியாவுக்கும் அனாப்ளாஸ்மாவுக்கும் டொக்ஸிசைக்கிளின். எர்லிக்கியாவுக்கு வழக்கமாக 28 நாள். பல நாய்கள் இரண்டு மூன்று நாளிலேயே தெளிந்துவிடும், வீட்டுக்காரர் ஒரு கிழமையில் குளிசையை நிறுத்திவிடுவார். நோய் திரும்புவதற்கு இதைவிட நேர்வழி இல்லை. எர்லிக்கியா வெளியே ஒன்றும் காட்டாமல் மாதக்கணக்கில் உள்ளே இருக்கும். பிறகு சில நாய்களில் எலும்பு மச்சையைக் கெடுத்துவிடும். அந்தக் கட்டத்தில் மருந்துக்குக் கேட்பது கடினம்.

பெரிய பபேசியாவுக்கு இமிடோகார்ப் ஊசி. வழக்கமாக இரண்டு முறை, இரண்டு கிழமை இடைவெளியில். போட்டவுடன் வாயூறல், வாந்தி வரலாம், அதைக் குறைக்க முன்கூட்டியே அட்ரோபின் கொடுப்பார்கள். ஹெப்பட்டோசூனுக்கும் இதே ஊசிதான், பூச்சில் கிருமி மறையும் வரை இரண்டு கிழமைக்கு ஒருமுறை.

இப்போது கட்டுரையின் தொடக்கத்தில் சொன்ன கதைக்கு வருவோம். கிப்சோனிக்கு இமிடோகார்ப் சரியாக வேலை செய்யாது. டிமினசீன் என்ற இன்னொரு ஊசி உண்டு, மாட்டுக்கும் போடுவது. அது கிப்சோனியின் எண்ணிக்கையைக் குறைக்கும், நாய் எழும்பும், ஆனால் முழுதாகத் துடைக்காது. அதன் பாதுகாப்பான அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி சிறிது. அளவு மிஞ்சினால் மூளையைத் தாக்கி நாய் தள்ளாடும், வலிப்பு வரும், சாகவும் கூடும். நாயை நிறுக்காமல் கண் மட்டத்தில் போடக்கூடாத ஊசி இது. திரும்பி வந்துவிட்டதே என்று சில நாளில் மறுபடி போடுவதும் ஆபத்து.

கிப்சோனிக்கு நல்ல சான்று உள்ளது அட்டோவகோனும் அசித்ரோமைசினும் சேர்ந்த 10 நாள் சிகிச்சை. அட்டோவகோன் மனிதருக்கான மலேரியா மருந்துகளில் ஒன்று. விலை கூடியது, தேடிப் பிடிக்க வேண்டியது. கொழுப்புள்ள சாப்பாட்டோடு கொடுத்தால்தான் உடலில் சேரும். வெறும் வயிற்றில் கொடுத்தால் பணத்தைத் தண்ணீரில் போட்ட கணக்கு. இந்த மருந்துக்கும் பிடிகொடாத கிப்சோனி வகைகள் உருவாகியிருக்கின்றன. கிடைக்காத இடத்தில் கிளின்டமைசின், மெட்ரோனிடசோல், டொக்ஸிசைக்கிளின் மூன்றையும் சேர்த்துப் பல கிழமைகள் கொடுக்கும் முறை உண்டு. மெதுவாகத்தான் பலன் தெரியும், ஆனால் பல நாய்களைக் காப்பாற்றியிருக்கிறது.

இன்னொரு சிக்கல். பபேசியா புகுந்த பின் நாயின் உடல் தன் சொந்தச் செங்குழியங்களையே எதிரியாக எண்ணி அழிக்கத் தொடங்கலாம். அதை அடக்க ஸ்டீரொய்ட் கொடுக்க வேண்டிவரும். கிருமிக்கு மருந்து இல்லாமல் ஸ்டீரொய்ட் மட்டும் கொடுத்தால் காய்ச்சல் விழும், சாப்பாடு பிடிக்கும், கிருமி தடையில்லாமல் பெருகும். அந்த இரண்டு நாள் உற்சாகத்தைக் குணம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

வீட்டு வைத்தியத்தில் இரண்டை மட்டும் சொல்லியாக வேண்டும். காய்ச்சலுக்கென்று பனடோல் கொடுக்க வேண்டாம், அளவு மிஞ்சினால் நாயின் ஈரலையும் ஏற்கெனவே உடைந்துகொண்டிருக்கும் செங்குழியங்களையும் கெடுக்கும். மனிதரின் நோவுக் குளிசைகள் இன்னும் மோசம், சிறுதட்டுக் குறைந்த நாயில் வயிற்றுக்குள் இரத்தக் கசிவை உண்டாக்கும். மண்ணெண்ணெய் பூசி உண்ணி எடுப்பதும் வேண்டாம். தோல் வெந்துபோகும், நக்கினால் உள்ளேயும் போகும். சிறு இடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து, நேராக, மெதுவாக இழுத்து, சவர்க்காரத் தண்ணீரில் போட்டால் போதும்.

திரும்பி வந்ததா, புதிதாக வந்ததா?

சரியான மருந்து முழுதாகக் கொடுத்தும் நோய் வந்தால், உள்ளே ஒளிந்திருந்தது எழும்பியதா, சுவரில் இருந்த உண்ணி புதிதாகக் கொடுத்ததா என்று பார்க்க வேண்டும். உண்ணி ஒழியாத வீட்டில் இந்தக் கேள்விக்குப் பதிலே கிடைக்காது.

தினமும் உண்ணி பார்த்து எடுப்பது பபேசியாவுக்கு நல்ல தடை. உண்ணி ஒட்டி ஒரு நாள், இரண்டு நாள் குடித்த பிறகே அது கிருமியைக் கக்கத் தொடங்கும். எர்லிக்கியா அவ்வளவு நேரம் காத்திருப்பதில்லை, சில மணித்தியாலத்தில் தாவிவிடும். அதனால் கையால் எடுப்பது மட்டும் போதாது. மாதம் ஒருமுறை முதுகில் விடும் ஃபிப்ரோனில், அல்லது ஒரு மாதமோ மூன்று மாதமோ நிற்கும் ஃப்ளூரலனர், அஃபொக்சோலனர் வகைக் குளிசைகள் உதவும். வலிப்பு வரும் நாய் என்றால் குளிசைக்கு முன் வைத்தியரிடம் சொல்ல வேண்டும். பெர்மெத்ரின் கலந்த மருந்து பூனை இருக்கும் வீட்டில் கூடவே கூடாது, பூனை செத்துப்போகும். மருந்து தொடங்கிய கையோடு சுவர் வெடிப்புகளைச் சீமெந்தால் அடைத்து, படுக்கும் சாக்கைக் கொதிநீரில் போட்டு, வெயிலில் காய வைக்க வேண்டும். முட்டையிலிருந்து புதுக் குஞ்சுகள் வந்துகொண்டே இருக்கும் என்பதால் இது ஒரு மாத வேலை அல்ல, பல மாத வேலை.

கிப்சோனிக்குச் சிகிச்சை முடிந்த 60ஆம் நாளிலும் 90ஆம் நாளிலும் பி.சி.ஆர். செய்து இரண்டிலும் இல்லை என்று வந்தால்தான் போய்விட்டது என்று கொள்ளலாம். அதுவரை நாய் துள்ளி விளையாடினாலும் அது கிருமியைச் சுமக்கும் நாயாக இருக்கலாம். அந்தக் காலத்தில் அதை இனப்பெருக்கத்துக்கு விடக்கூடாது, அதன் இரத்தத்தை வேறு நாய்க்கு ஏற்றக்கூடாது, தெரு நாய்களோடு கடிபட விடக்கூடாது. சோதனைத் திகதி, மருந்தின் பெயர், அன்றைய நிறை, குருதி எண்ணிக்கை நான்கையும் தடுப்பூசி அட்டையின் பின்பக்கத்தில் எழுதி வைத்தால், அடுத்த முறை வேறு வைத்தியரிடம் போனாலும் அவர் பழைய ஊசியையே மறுபடி போடாமல் அங்கிருந்து தொடங்குவார்.